மணி அடிக்காத மாற்றம்

ஓர் ஆப்ஜெக்டின் ப்ராப்பர்டி மாறினால் அதை மற்ற பகுதிகளுக்கு அறிவிக்கும் கோட் வரிகளை இனி நீங்கள் கையால் எழுத வேண்டியிருக்காது. கருவிகளே எழுதிக் கொடுத்துவிடுகின்றன. நாங்கள் அதைக் கையால் எழுதினோம். நாலைந்து வரிகள்தான். அவற்றில் ஒரு வரியால் திருவண்ணாமலையில் ஒரு மனிதர் இறந்தார். வேலைக்கு வந்து சில மாதங்களே ஆன உங்களிடம், வேறு எதைச் சொல்வதற்கும் முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். நான் கண் கோளாறு காரணமாக ஐம்பதைத் தாண்டியதுமே வேலையை விட்டுவிட்டவள். நினைவு தன் இஷ்டத்துக்குக் கதை கட்டிவிடக் கூடாது என்பதற்காக, அந்த வருஷத்து டைரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இரண்டாயிரத்தை ஒட்டிய ஓர் ஆண்டில் நடந்தது இது. செங்கம் சாலையில் ஒரு லாட்ஜின் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. முதலாளி, ஒரு சீனியர், நான், டைப் அடிக்க இரண்டு பெண்கள். சீனியர் சென்னையில் பெரிய இடங்களில் வேலை பார்த்துவிட்டு, மலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இங்கே வந்து தங்கியவர். அவர் பெயர் இங்கே வேண்டாம். கோட் எழுதுவது அவர் பொறுப்பு. அதைக் கொண்டுபோய்ப் பொருத்துவது, சோதிப்பது, வாடிக்கையாளர் திட்டினால் நின்று வாங்கிக்கொள்வது எல்லாம் என் பொறுப்பு.

ஊரில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்கு நாங்கள் மென்பொருள் செய்து கொடுத்தோம். கீழ்த்தளத்தில் வரவேற்பும் டூட்டி டாக்டர் அறையும். மாடியில் வார்டு. கீழே ஒரு கம்ப்யூட்டர், மாடியில் நர்ஸ்களின் மேசையில் ஒன்று. அதற்கு முன்பெல்லாம் ஒரு நோயாளிக்கு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால், டாக்டர் சிவப்புச் சீட்டில் எழுதி மாடிக்கு அனுப்புவார். நர்ஸ் அதைக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவிடுவார். எங்கள் மென்பொருள் வந்த பிறகு சிவப்புச் சீட்டு நின்றுவிட்டது. கீழே டாக்டர் பதிந்தால் அந்த நொடியே மாடியில் தெரிகிறது. பிறகு எதற்குச் சீட்டு?

அது எப்படித் தெரிந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு நோயாளியும் ஓர் ஆப்ஜெக்ட். பெயர், வயது, ஊர், ஒவ்வாமை என்று அதற்குப் பல ப்ராப்பர்டிகள். எதில் புதிய மதிப்பை வைத்தாலும் ஆப்ஜெக்ட் ஒரு மணி அடிக்கும். மணிச் சத்தம் கேட்டு மாடித் திரை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். முதலில் எல்லாவற்றுக்கும் மணி அடித்தது. டாக்டர் எதையும் மாற்றாமல் சும்மா ‘சேமி’ பொத்தானை அழுத்தினாலும் அடித்தது. மாடித் திரை ஓயாமல் சிமிட்டியது.

மாடியில் சுமதி என்ற நர்ஸ் இருந்தாள். பக்கத்தில் அடி அண்ணாமலை கிராமத்துப் பெண். அப்பாவுக்குக் கனகாம்பரத் தோட்டம். அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

“இன்னா மேடம் இது, கல்யாண வீட்டு சீரியல் லைட்டு மாதிரி மினுக்கு மினுக்குனு? நான் ஒரு வரி படிக்கிறதுக்குள்ள மேல ஓடிப்போய் நிக்குது. உங்க சாருக்கு கண்ணு டாக்டரு எதனா கமிஷன் தராரா?”

சீனியரிடம் சொன்னேன். சிரித்தார். “அந்தப் பொண்ணு சொல்றது நியாயம்தான்” என்று ஒரு வரி சேர்த்தார். புது மதிப்பு வரும்போது பழையதோடு ஒப்பிட்டுப் பார். இரண்டும் ஒன்றாக இருந்தால் சும்மா இரு. இதுதான் அந்த வரி. எல்லோரும் எழுதுகிற வரி, நீங்களும் எழுதியிருப்பீர்கள். சிமிட்டல் நின்றது. நான் எல்லாவற்றையும் திரும்பச் சோதித்தேன். சரியாகவே இருந்தது. சுமதி எனக்கு ஒரு பந்து கனகாம்பரம் கொடுத்தனுப்பினாள்.

எங்கள் சோதனையில் வந்த நோயாளிகள் எல்லோரும் குடும்பத்தோடு வந்தவர்கள். இது எனக்குப் பிறகுதான் உறைத்தது. சாதாரண நாட்களில் இந்த ஊரில் யாரும் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. கூடவே மனைவியோ அண்ணனோ வந்து, கேட்டதற்கும் கேட்காததற்கும் பதில் சொல்வார்கள். எல்லா விவரமும் முதலிலேயே பதிவாகிவிடும். பௌர்ணமி அப்படி இல்லை. கிரிவலப் பாதையில் கூட்டத்தில் பிரிந்து, வெறுங்காலோடு வெயிலில் மயங்கி விழுபவரை யாரோ ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். பணப்பை, செருப்பு எல்லாம் கூட வந்தவர்களிடம் இருக்கும். பெயர் தெரியாதவராகத்தான் அவர் வந்து சேர்வார். விவரங்கள் பிறகு ஒவ்வொன்றாக வரும்.

அப்படித்தான் அந்த மனிதர் ஒரு பௌர்ணமி மத்தியானம் வந்தார். விழுந்ததில் முட்டியில் நல்ல அடி. டாக்டர் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிவிட்டு, வலி தாங்க முடியாவிட்டால் வலி ஊசி போடலாம் என்று எழுதி மாடிக்கு அனுப்பினார். சாயங்காலம் மனைவி தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார். குடியாத்தம் பக்கத்துக்காரர்கள். கீழே டாக்டரிடம் பெயர், ஊர், வயது எல்லாம் சொன்னார். “வலி ஊசி மட்டும் வோணாங்க. ஒருவாட்டி போட்டு மூஞ்செல்லாம் வீங்கி மூச்சே நின்னுடுச்சு” என்றும் சொன்னார். டாக்டர் அதையும் பதிந்து, சேமித்தார். “பதிவு பண்ணிட்டேம்மா, மேல போய்ப் பாருங்க” என்றார். அந்த அம்மா படியேறி வருவதற்குள் சுமதி ஊசியைப் போட்டிருந்தாள். மருத்துவமனையில் இருந்த எல்லோரும் ஓடி வந்தார்கள். காப்பாற்ற முடியவில்லை.

மறுநாள் காலை மருத்துவமனை மேலாளர் எங்கள் முதலாளிக்குப் போன் செய்தார். விவரம் எல்லாம் அப்போதுதான் தெரிந்தது. ஊசி போடுவதற்கு முன்பே ஒவ்வாமை பதிவாகியிருக்கிறது. பதிவில் நேரத்தோடு இருக்கிறது. நர்ஸோ திரையில் அப்படி எதுவும் இல்லை என்று சாதிக்கிறாள். கவனிக்காமல் ஊசி போட்டுவிட்டுப் பொய் சொல்கிறாள் என்பதுதான் அங்கே எல்லோருடைய எண்ணமும். சாயங்காலம் போலீஸ் வருகிறது. அதற்குள் மென்பொருள் கம்பெனியிலிருந்து, பதிவு சரியாக நடந்தது என்று ஒரு கடிதம் வேண்டும். அந்தக் கடிதம் வந்துவிட்டால் சுமதி மேல் வழக்கு. நர்ஸ் வேலைக்கே இனி அவள் போக முடியாது.

நான் உட்கார்ந்து சோதித்தேன். ஒரு புது நோயாளியைச் சேர்த்தேன், ஒவ்வாமையோடு. மாடித் திரையில் வந்தது. இன்னொருவரைச் சேர்த்தேன். வந்தது. அந்த நேரத்தில் நானும் சுமதி கவனிக்கவில்லை என்றே நம்பினேன். ஆனாலும் சோதித்தது நானாகக் கற்பனை செய்த நோயாளிகளை வைத்து. அவளுக்கு நடந்தது என்ன என்று அவளிடம் கேட்காமல் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. பஸ் பிடித்து அடி அண்ணாமலைக்குப் போனேன்.

வாசலில் அவள் அப்பா வழிமறித்தார்.

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்றாங்களே, அப்ப எம் பொண்ணு சொல்லுவாளா? அத செஞ்சது நீங்கதானே? உள்ள இன்னா வெச்சீங்கனு நீங்களே சொல்லுங்க.”

“அதைக் கேக்கத்தாங்க வந்தேன்” என்றேன். வழி விட்டார்.

சுமதி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. எந்தெந்தப் பொத்தானை அழுத்தினாள் என்று கேட்டேன்.

“எதையும் தொடலை மேடம். அவர் பேஜ் மத்தியானத்துல இருந்தே திறந்துதான் இருந்துது. பெயர் தெரியாதவர்னு இருந்துது. சாயங்காலம் நான் பாத்துட்டு இருக்கறப்பவே பேரு வந்துச்சு. ஊரு வந்துச்சு. வயசு வந்துச்சு. சரி, வீட்டாளுங்க வந்துட்டாங்க போலனு நினைச்சேன். அவரு அரை மயக்கத்துல, கேட்டதுக்குப் பதில் சொல்ல முடியாம, வலியில பல்லக் கடிச்சிட்டு இருந்தாரு. ஒவ்வாமை பாத்தேன் மேடம், சத்தியமா பாத்தேன். ஒண்ணும் இல்லைனு இருந்துது. எல்லாம் வந்துடுச்சுல்ல, அதுவும் வந்திருக்கும்னு நினைச்சேன்.”

எல்லாம் வந்துடுச்சுல்ல. திரும்பி வரும் பஸ்ஸில் அந்த ஒரு வாக்கியத்தையே சுற்றிச் சுற்றி யோசித்தேன். பெயர் வந்தது, ஊர் வந்தது, வயது வந்தது. அவையெல்லாம் ஒற்றை மதிப்புகள். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு, அதனால் மணி அடிக்கும். ஒவ்வாமை அப்படி இல்லை. அது ஒரு பட்டியல். பெயர் தெரியாதவராக அவர் வந்தபோதே அவருக்கு ஒரு காலிப் பட்டியல் உண்டாகிவிட்டது. டாக்டர் புதுப் பட்டியல் வைக்கவில்லை. இருக்கிற பட்டியலுக்குள்ளேயே ஒரு வரி சேர்த்தார். சேமிக்கும்போது அதே பட்டியல் ப்ராப்பர்டிக்குத் திரும்ப வந்தது. ஆப்ஜெக்ட் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டது. இரண்டும் ஒரே பட்டியல்தான்; பழையது என்று எடுத்ததிலும் டாக்டர் சேர்த்த வரி இருந்தது. சும்மா இருந்துவிட்டது. வெளி கேட் வழியாக யார் வந்தாலும் வீட்டு நாய் குரைக்கும். உள்ளே அறையில் ஒரு குழந்தை பிறந்தால் அதற்கு எப்படித் தெரியும்? சேமிப்பதற்கு மணி தேவையில்லை என்பதால் பதிவு மட்டும் ஒழுங்காக நடந்துவிட்டது.

அலுவலகத்துக்கு வந்ததும், பெயர் தெரியாதவர் ஒருவரைச் சேர்த்து, அவர் பக்கத்தைத் திறந்தே வைத்து, பிறகு விவரங்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். பெயர் வந்தது. ஊர் வந்தது. ஒவ்வாமை வரவில்லை. முதலாளியும் சீனியரும் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாளிதான் முதலில் பேசினார். “ஏம்மா, பதிவாச்சா இல்லியா?”

“பதிவாச்சு சார். மேல போய்ச் சேரல.”

“அவங்க கேட்டது பதிவாச்சானு. ஆச்சுன்னு எழுதிக் குடு. பொய் ஒண்ணும் இல்லியே? கேட்டதுக்குப் பதில் சொன்னா போதும். கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்லிட்டுப் போனா நாளைக்கு இந்த நாற்காலி கூட மிஞ்சாது.”

சீனியர் குனிந்து கோட் வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “என் வரிதான்” என்றார்.

“சார், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க” என்றார் முதலாளி.

“அந்த ஆப்ஜெக்டுக்கும் அதைத்தான் சொல்லிக் குடுத்தேன். சும்மா இருன்னு. சொன்னபடி இருந்துடுச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “கையெழுத்து என்கிட்ட கேட்டா நான் போட மாட்டேம்மா. ஆனா அங்க வந்து நிக்கவும் என்னால முடியாது” என்றார். அவரை நான் அதற்குமேல் கேட்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கவனியுங்கள். கடிதத்தில் என்ன எழுதலாம், யாரிடம் முதலில் சொல்லலாம், வக்கீலைக் கேட்கலாமா என்று மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் யோசித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் எனக்குத் தோன்றியது: பௌர்ணமிக் கூட்டத்தில் மயங்கி வந்தவர்கள் இன்னும் அந்த வார்டில் படுத்திருக்கிறார்கள். அவர்களைத் தேடி வீட்டார் இந்த நேரத்திலும் வந்துகொண்டிருப்பார்கள். டாக்டர் கீழே பதிந்துகொண்டிருப்பார். மேலே திரை சும்மா இருக்கும்.

போனை எடுத்தேன்.

“வை. போனை வை” என்றார் முதலாளி. “நீ இப்ப பேசினா அதுக்கப்புறம் எழுதறதுக்கு ஒண்ணுமே இல்ல, தெரியுதா?”

அவர் சொன்னது சரிதான். தெரிந்துதான் பேசினேன். வார்டில் எடுத்த நர்ஸிடம், ஒவ்வாமை விஷயத்தில் திரையை நம்ப வேண்டாம், ஒவ்வொரு முறையும் நோயாளியின் பக்கத்தை மூடித் திறந்து பாருங்கள், அப்போதுதான் பதிவில் இருப்பது திரைக்கு வரும், சிவப்புச் சீட்டை உடனே திரும்ப ஆரம்பிக்கச் சொல்லுங்கள் என்றேன். எதற்கு என்று கேட்டாள். எங்கள் மென்பொருளில் பிழை என்றேன். முதலாளி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இது நான் நல்லவளா கெட்டவளா என்ற விஷயமே இல்லை. பிழை ஒன்று கண்ணில் பட்டால், அதனால் இந்த நிமிஷம் யாருக்கு ஆபத்து என்பதுதான் முதல் கேள்வி. யார் மேல் தப்பு என்பது அதற்குப் பிறகு வர வேண்டியது. வரிசை மாறினால் இரண்டாவது கேள்வியிலேயே பொழுது போய்விடும்.

கடிதம் எழுதவில்லை. எழுதியிருந்தால் அதை வைத்து வாதம் நடந்திருக்கும். நேரே மருத்துவமனைக்குப் போய் மேலாளரிடம் சொன்னேன்: போலீஸ் வருவதற்குள் சுமதியைக் கூப்பிடுங்கள், உங்கள் கண் எதிரிலேயே காட்டுகிறேன். அவளும் அப்பாவும் ஆட்டோவில் வந்தார்கள். டாக்டர் கீழே தன் மேசையில் உட்கார்ந்து, பெயர் தெரியாதவர் என்று ஒரு சோதனை நோயாளியைச் சேர்த்தார். மேலாளர், சுமதி, நான் மூவரும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து மாடித் திரைக்கு முன்னால் நின்றோம். இன்டர்காமில் டாக்டரின் குரல் வந்துகொண்டிருந்தது.

“பேரு போட்டாச்சு.”

திரையில் பெயர் வந்தது.

“ஊரு.”

வந்தது.

“ஒவ்வாமை போட்டு சேமிச்சுட்டேன்.”

திரையில் ‘ஒவ்வாமை: ஏதும் இல்லை’ என்று இருந்தது. அப்படியே இருந்தது.

“கொஞ்சம் லேட்டா வருமோ என்னவோ, இன்னும் பாப்போம்” என்றார் மேலாளர். பார்த்துக்கொண்டே நின்றோம். சுமதி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். “வந்துடுமா மேடம்?” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள். வந்துவிட்டால் அவள் பொய்க்காரி. ஒரு திரையைப் பார்த்து அவ்வளவு பயந்த ஒருவரை நான் பிறகு பார்த்ததில்லை.

வரவில்லை.

“இப்ப மூடித் திறங்க சிஸ்டர்” என்றேன். அவள் பக்கத்தை மூடினாள். திறந்தாள். வலி ஊசி கூடாது என்று சிவப்பு எழுத்தில் நின்றது.

நிம்மதியடைவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அந்தச் சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவ்ளோதானா மேடம்?” என்றாள். “மூடித் திறந்திருந்தா போதுமா?”

மேலாளர் இன்டர்காமை அணைத்தார். வாசலில் நின்றிருந்த அவள் அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுமதி மேல் வழக்கு இல்லை. மருத்துவமனை அந்தக் குடும்பத்தோடு என்ன பேசி முடித்தது என்று எனக்குத் தெரியாது. “சிஸ்டர் மேல தப்பு இல்லதான், ஆனா பேஷண்டுங்க பேசிக்குவாங்க” என்று சுமதியையும் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். எங்கள் மென்பொருளைக் கழற்றினார்கள். கம்பெனி அந்த வருஷத்தைத் தாண்டவில்லை. முதலாளி தெருவில் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். சீனியர் அறையைக் காலி செய்துகொண்டு போனார். போகும்போது என்னிடம், “மாறியிருக்குன்னு சொல்றது சுலபம்மா. மாறலைன்னு சொல்லத்தான் நிஜமாவே தெரிஞ்சிருக்கணும். நான் ரெண்டையும் ஒரே வரியில முடிச்சிட்டேன்” என்றார். அதற்குப் பிறகு அவர் கோட் எழுதியதாக நான் கேள்விப்படவில்லை.

நான் வேறு இடங்களில் வேலை செய்தேன். எங்கே போனாலும், மாற்றத்தை அறிவிக்கும் கோட் வரிகளைப் பார்க்கும்போது ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதில்லை: ‘மாறவில்லை’ என்பதும் ‘எனக்குத் தெரியவில்லை’ என்பதும் பார்ப்பவருக்கு ஒரே மாதிரி தெரிகிறதா? தெரிந்தால் அதைத் திருப்பி அனுப்பினேன். பட்டியல்கள் தம் உள்ளே நடப்பதற்கும் மணி அடிக்கச் செய்தேன். திரை கடைசியாக எப்போது விவரம் வாங்கியது என்பதையும் கூடவே காட்டச் சொன்னேன். எரிச்சல்பட்டவர்கள் உண்டு. படட்டும்.

சில வருஷங்கள் கழித்து என் கணவருக்குக் காய்ச்சல் என்று போளூர் சாலைப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில் சேர்த்தோம். வார்டில் நர்ஸ் திரும்பியபோதுதான் பார்த்தேன், சுமதி. கொஞ்சம் பருத்திருந்தாள். என்னைத் தெரிந்துகொண்டாள். “மேடம்” என்றாள், அவ்வளவுதான். என் கணவர் கையில் போட வேண்டிய ஊசி அவள் தட்டில் இருந்தது. மேசைக்குப் போய்த் திரையைப் பார்த்தாள். பக்கத்தை மூடினாள். திறந்தாள். கீழே போன் செய்து டாக்டரிடம் கேட்டாள். பிறகு கட்டிலுக்கு வந்து, “அய்யா, உங்களுக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காதா?” என்று அவரிடமே கேட்டாள். இல்லை என்றார். என்னைப் பார்த்தாள். இல்லை என்று நானும் சொன்னேன்.

ஊசியைக் கையில் எடுத்தவள் நின்றாள்.

“மேடம், இங்க இருக்கறது உங்க ப்ரோக்ராமா?”

“இல்ல சிஸ்டர். வேற யாரோ செஞ்சது.”

“சரி” என்றாள். ஊசியைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு, மேசைக்குப் போய், இன்னொரு தடவை மூடித் திறந்தாள்.